ஊமையாய் நிற்கும் போர் விமானங்கள்

யுத்தத்தில் உழைத்துத் தேய்ந்த ஆகாய விமானத்தை மேடை கட்டிப் பொதுஜனங்கள் பார்க்கும்படி நிறுத்தி வைப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். நமது தேசத்திலும் அது உண்டு. ஆனால் அமெரிக்கா, கனடா, பிரிட்டன் முதலிய நாடுகளில் இதற்கு மேலும் ஒரு காரியம் செய்கிறார்கள். போர்வீரர்களை நினைவுகூரும் நாட்களில், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் அந்தப் பழைய விமானங்களிலும், காட்சிப் பொருளாக வைக்கப்பட்ட போர்க்கப்பல்களிலும் ஏறி, தங்கள் கருவிகளை அங்கே அமைத்து, தேச தேசாந்தரங்களிலுள்ள சகாக்களை அழைத்துப் பேசுகிறார்கள். "இன்ன விமானத்திலிருந்து பேசுகிறோம், இதில் ஏறிப் போனவர்களின் ஞாபகார்த்தமாகப் பேசுகிறோம்" என்று சொல்லுகிறார்கள். அமெரிக்காவில் காம்டன் நகரத் துறையில் நிற்கும் 'நியூ ஜெர்ஸி' என்ற பழைய போர்க்கப்பலின் ரேடியோச் சங்கத்தார், ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், உலகத்திலுள்ள கண்காட்சிக் கப்பல்களையெல்லாம் இப்படி ஒரே சமயத்தில் பேச வைக்கும் விழாவை நடத்தி வருகிறார்கள்.

இந்த வழக்கத்தை நமது தேசமும் கைக்கொள்ள வேண்டும் என்பது நமது அபிப்பிராயம். அந்நியர் செய்வதால் நாமும் செய்ய வேண்டுமென்று நாம் சொல்லவில்லை. நமது வீரர்களுக்கு நாம் செலுத்தத் தவறிய ஒரு கடனை இவ்வழியில் ஓரளவு செலுத்தலாம் என்பதால் சொல்லுகிறோம். மேலும், இதில் தமிழ்நாட்டுக்கும், விசேஷமாகத் தூத்துக்குடிக் கரையிலுள்ள நமக்கும் தனிப் பொறுப்பு உண்டு. அதை இங்கே விவரிப்போம்.

அமெச்சூர் ரேடியோ என்றால் என்னவென்று சிலர் கேட்கக்கூடும். லாபம் கருதாமல், கம்பியில்லாத் தந்திச் சாஸ்திரத்தில் உள்ள ஆசையினால், சர்க்காரின் பரீட்சையில் தேறி லைசென்ஸ் பெற்று, சொந்தக் கருவி வைத்துப் பிறரோடு தொடர்பு கொள்ளுவோர் அமெச்சூர்கள். 'ஹாம்' என்றும் அவர்களைச் சொல்லுவதுண்டு. ஒவ்வொருவருக்கும் சர்க்கார் ஓர் அழைப்புக் குறி கொடுக்கிறது. இந்தியர்களின் குறி பெரும்பாலும் 'வி.யு.' என்ற எழுத்துக்களில் தொடங்கும். இவர்கள் அனுப்பும் சிற்றலைகள் பல நூறு மைல் உயரம் வரை வியாபித்துள்ள மின்னூட்டமுள்ள காற்று மண்டலத்தில் பட்டுத் திரும்பி, கடலுக்கும் மலைக்கும் அப்பால் போய் விழுகின்றன. ஆகையால் வீட்டில் எரியும் ஒரு பழைய மின்விளக்கு எவ்வளவு சக்தியைத் தின்னுமோ, அவ்வளவே கொண்டு தூத்துக்குடியிலிருந்து ஐரோப்பாவுக்குப் பேச முடியும். இடையில் கம்பியும் இல்லை, கம்பெனியும் இல்லை. பேசி முடிந்ததும் அழைப்புக் குறி, நேரம், ஒலியின் தெளிவு முதலியவற்றை இருவரும் குறித்துக்கொண்டு, அத்தாட்சியாக ஒரு அட்டையைத் தபாலில் அனுப்பிக்கொள்ளுகிறார்கள். அந்த அட்டையை ஹாம்கள் பொக்கிஷம் போலச் சேர்த்து வைப்பார்கள்.

இது நமக்கு இரவல் வித்தை அல்ல. இந்தியாவில் ரேடியோ ஒலிபரப்புக்கு ஆரம்பத்தில் விதை போட்டவர்களில் நமது மதராஸின் அமெச்சூர்களும் உண்டு. ஸ்ரீ சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924ஆம் வருஷம் மதராஸ் ராஜதானி ரேடியோக் கிளப் தோன்றியது. அவ்வருஷம் ஜூலை 31ந் தேதி ஒலிபரப்பு ஆரம்பமாயிற்று. பணமுடையினால் 1927ல் அது நின்றபோது, கருவியைச் சங்கத்தார் மதராஸ் கார்ப்பொரேஷனுக்குக் கொடுத்தார்கள். கார்ப்பொரேஷன் 1930 முதல் அதை நடத்தியது. 1938ல் அகில இந்திய ரேடியோவின் மதராஸ் நிலையம் வந்தது அதற்குப் பிறகுதான். சர்க்கார் விழிப்பதற்கு முன்னே ஜனங்கள் விழித்திருந்தார்கள் என்பதற்கு இதைவிட அத்தாட்சி வேண்டாம்.

இனி விமானத்துக்கு வருவோம். ஊரில் எத்தனையோ இடமிருக்க, ஒரு பழைய விமானத்துக்குள் ஏறித்தான் பேச வேண்டுமா என்று கேட்கலாம். யுத்த விமானத்தின் உயிர் அதன் இயந்திரத்தில் மட்டும் இல்லை. அதன் ரேடியோவிலும் இருந்தது. விமானம் கண்டதைக் கீழே இருப்பவர்கள் அறியச் செய்தவன் ரேடியோக்காரன். அவன் சொல் வந்து சேராவிட்டால், விமானி கண்டதும் காணாததும் ஒன்றுதான்.

இதற்குத் தூரத்து உதாரணம் தேட வேண்டியதில்லை. நமது மன்னார் வளைகுடாவுக்குத் தெற்கே உள்ள கடலில் நடந்த சம்பவம் இருக்கிறது. 1942ஆம் வருஷம் ஏப்ரல் 4ந் தேதி, இலங்கையின் தென்கரையிலுள்ள கொக்கலையிலிருந்து கனடா தேசத்து விமானப் படையைச் சேர்ந்த 'காடலினா' என்ற கடல் விமானம் ஒன்று ரோந்து கிளம்பிற்று. அதன் தலைவர் லெனார்டு பர்ச்சால் என்பவர். சாயங்கால வேளையில் அவர்கள் பெரிய ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டார்கள். கண்டவுடனே தப்பி ஓடியிருக்கலாம். ஆனால் கப்பல்களின் இருப்பிடத்தையும் போகும் திசையையும் ரேடியோவில் அனுப்ப முற்பட்டார்கள். அனுப்பிக்கொண்டிருக்கும்போதே ஜப்பானியச் சண்டை விமானங்கள் சுட்டு வீழ்த்தின. சிலர் மாண்டார்கள், மற்றவர்கள் சிறைப்பட்டு யுத்தம் முடியும் வரை கைதிகளாய் இருந்தார்கள். அவர்கள் அனுப்பிய செய்தியினால் இலங்கை எச்சரிக்கை அடைந்தது. மறுநாள், ஏப்ரல் 5ந் தேதி, கொழும்பின் மீது குண்டு விழுந்தது. 6ந் தேதி விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் விழுந்தது. 9ந் தேதி திரிகோணமலை தாக்கப்பட்டது. மதராஸ் நகரத்து ஜனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஊரைக் காலி செய்த காலம் அதுவே. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே உள்ள கடல் எவ்வளவு குறுகியது என்பதை நாம் அறிவோம். அன்று ஒரு விமானத்தின் ரேடியோ பேசிய சில நிமிஷங்கள் நமது கரைக்கும் சம்பந்தமானவையே.

இப்பொழுது நமது சொந்த விமானங்களைப் பார்ப்போம். விசாகப்பட்டினத்துக் கடற்கரையில் 'டி.யு. 142' என்ற ராட்சத விமானம் ஒன்று நிற்கிறது. ருஷ்யாவில் செய்தது. சுமார் 53 மீட்டர் நீளம். சிறகு விரிந்தால் 50 மீட்டர் அகலம். நான்கு இயந்திரங்கள், ஒவ்வொன்றிலும் எதிரும் புதிருமாய்ச் சுழலும் இரட்டை விசிறி. 1988ல் நமது கடற்படையில் சேர்ந்த இந்த ரகம், முதலில் கோவாவிலும், 1992 முதல் நமது அரக்கோணத்திலுள்ள ஐ.என்.எஸ். ராஜாளி தளத்திலும் இருந்து, இந்து மகா சமுத்திரத்தைக் காவல் காத்தது. 2017ஆம் வருஷம் மார்ச் 29ந் தேதி, 29 வருஷ ஊழியத்துக்குப் பின், அரக்கோணத்திலேயே அதற்கு ஓய்வு கொடுத்தார்கள். அவ்வருஷம் டிசம்பர் 7ந் தேதி, ராஷ்டிரபதி ராம்நாத் கோவிந்த் அவர்கள் விசாகப்பட்டினத்தில் அதைக் காட்சிசாலையாகத் திறந்து வைத்தார். டிசம்பர் 7 கொடி நாள் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். படைவீரர்களுக்காக 1949 முதல் தேசம் அனுசரித்து வரும் நாள் அது.

தமிழ்நாட்டு மண்ணிலிருந்து கால் நூற்றாண்டுக் காலம் எழும்பிப் பறந்த விமானம் அது. அது காவல் காத்த கடலில்தான் நமது பரதவர்களின் படகுகள் போகின்றன. நமது துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் போகின்றன. மாதக்கணக்கில் கரையைக் காணாத மாலுமிகளுக்கு மேலே, பத்து மணி, பன்னிரண்டு மணி நேரம் அது பறந்து கொண்டிருக்கும். அதற்குள்ளே, வெளியே எதுவும் தெரியாத அறையில் உட்கார்ந்து, காதில் ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு, அலையின் இரைச்சலுக்கு நடுவே ஒரு சொல்லைப் பொறுக்கியவர்கள் பலர். அவர்கள் பெயர் நமக்குத் தெரியுமா? தெரியாது. காட்சிசாலைக்குப் போகிறவர்கள் சக்கரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள், போட்டோ எடுத்துக் கொள்ளுகிறார்கள், வீட்டுக்குத் திரும்புகிறார்கள். பேசிப் பேசியே காவல் காத்த விமானம் இன்று ஊமையாக நிற்கிறது.

இன்னொரு விமானமும் உண்டு. 1947ஆம் வருஷம் அக்டோபர் 27ந் தேதி காலையில், சீக்கியப் படைப்பிரிவின் முதல் பட்டாளத்தை ஏற்றிக்கொண்டு டகோட்டா விமானங்கள் ஸ்ரீநகரில் இறங்கின. சுதந்திர இந்தியாவின் முதல் யுத்தம் அப்படித்தான் தொடங்கிற்று. முதலில் இறங்கிய டகோட்டாவின் எண் வி.பி. 905. அந்த எண்ணைத் தாங்கி, 'பரசுராமன்' என்ற நாமத்தோடு, புதுப்பிக்கப்பட்ட டகோட்டா ஒன்றை ஸ்ரீ ராஜீவ் சந்திரசேகர் தமது தந்தையின் ஞாபகமாக விமானப் படைக்குக் கொடுத்தார். அவர் தந்தை டகோட்டா விமானியாக இருந்தவர். 2018ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அது இங்கிலாந்திலிருந்து பறந்து வந்து, மே 4ந் தேதி நமது விமானப் படையில் முறைப்படி சேர்ந்தது. ஒரு புத்திரன் தகப்பனாருக்குச் செய்த மரியாதை அது. தேசம் தன் புத்திரர்களுக்குச் செய்யும் மரியாதை எங்கே என்பதே நமது கேள்வி.

இங்கே ஒரு ஆட்சேபத்துக்கு இடமுண்டு. "பழைய யுத்தங்களில் நமது ஜனங்கள் பிரிட்டிஷாரின் கொடியின் கீழல்லவா போரிட்டார்கள்? தேசபக்தர்கள் அதைக் கொண்டாடலாமா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். 1939ஆம் வருஷம் செப்டம்பர் 3ந் தேதி, இந்தியர் ஒருவரையும் கேளாமல், வைசிராய் லின்லித்கோ இந்தியாவை யுத்தத்தில் இழுத்துவிட்டார். அதைக் கண்டித்தே காங்கிரஸ் மந்திரி சபைகள் ராஜினாமாச் செய்தன. ஆயினும் அந்த யுத்தத்தில் சுமார் 25 லட்சம் இந்தியர் படையில் சேர்ந்தார்கள். வயிற்றுப் பாட்டுக்காகச் சேர்ந்தவர் உண்டு. சாகசத்துக்காகச் சேர்ந்தவர் உண்டு. யுத்தத்தைத் தொடுத்த எஜமானனை நாம் மதிக்க வேண்டியதில்லை. உயிரைப் பணயம் வைத்த நமது மனிதனை மதிக்காமல் இருக்க நமக்கு உரிமை இல்லை. எஜமானன் அவனை எண்ணாகக் கணக்கில் வைத்தான். நாமும் அவனை எண்ணாகவே விட்டுவிட்டால், எஜமானனுக்கும் நமக்கும் என்ன வித்தியாசம்?

அதோடு, வீரர் என்ற சொல்லுக்கு நாம் கொள்ளும் அர்த்தமும் விசாலமாக இருக்க வேண்டும். ரேடியோவின் சரித்திரமே அதற்கு வழி காட்டுகிறது. யுத்தம் வந்தவுடன் பிரிட்டிஷ் சர்க்கார் இந்திய அமெச்சூர்களின் லைசென்ஸ்களை ரத்துச் செய்து, கருவிகளை ஒப்படைக்கும்படி உத்தரவிட்டது. வாய் கட்டப்பட்ட தேசத்தில் 1942ஆம் வருஷம் ஆகஸ்ட் 27ந் தேதி பம்பாயிலிருந்து ஒரு குரல் கேட்டது. 'காங்கிரஸ் ரேடியோ' என்று அது தன்னை அறிவித்துக்கொண்டது. நடத்தியவர்களில் முதன்மையானவர் 22 வயதுப் பெண்ணான உஷா மேத்தா. போலீசார் மோப்பம் பிடித்து நவம்பர் 12ந் தேதி கைது செய்யும் வரை, இடத்தை மாற்றி மாற்றி அந்த ரேடியோ பேசிற்று. அவருக்கு நான்கு வருஷச் சிறைவாசம் கிடைத்தது. அதே சமயத்தில் கடலுக்கு அப்பால், மலேயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் ஆயிரக்கணக்கில் நேதாஜியின் தேசிய ராணுவத்தில் சேர்ந்தார்கள். மதராஸில் பிறந்த டாக்டர் லக்ஷ்மி, ஜான்சி ராணிப் படையின் தலைமை ஏற்றார்.

இவற்றைவிட நமது விஷயத்துக்கு நெருங்கியது 1946ஆம் வருஷத்துக் கடற்படை எழுச்சி. பிப்ரவரி 18ந் தேதி பம்பாயில் அது தொடங்கிய இடம் 'தல்வார்'. அது பீரங்கிக் கப்பல் அல்ல. கடற்படையின் செய்தித் தொடர்புப் பயிற்சிப் பள்ளி. தந்திக் கருவியைத் தட்டக் கற்றுக்கொண்ட வாலிபர்களே, கெட்ட உணவையும் கேவலப் பேச்சையும் பொறுக்க மாட்டாமல், முதலில் வேலை நிறுத்தம் செய்தவர்கள். பி. சி. தத் என்ற தந்திக்காரர் அதற்கு முன்பே சுவரில் 'ஜய ஹிந்த்' எழுதியதற்காகப் பிடிபட்டிருந்தார். தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட எம். எஸ். கானும், துணை நின்ற மதன் சிங்கும் இதே இனத்துத் தொழிலாளிகள். கப்பலுக்குக் கப்பல், துறைமுகத்துக்குத் துறைமுகம் எழுச்சி பரவியதற்குக் காரணம் அவர்கள் கையில் இருந்த கம்பியில்லாத் தந்திதான். கராச்சி முதல் மதராஸ் வரை அது எட்டிற்று. சர்தார் படேலின் புத்திமதியைக் கேட்டு 23ந் தேதி அவர்கள் சரணடைந்தார்கள். வேலையிலிருந்து நீக்கப்பட்ட அவர்களை, சுதந்திரம் வந்த பின் இந்தியக் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை, பாகிஸ்தான் கடற்படையும் சேர்த்துக்கொள்ளவில்லை. தியாகிகள் என்ற அங்கீகாரம் அவர்களுக்குக் கிடைக்கப் பல வருஷங்கள் ஆயின. ரேடியோவைக் கொண்டு வீரர்களை நினைவுகூருவதானால், ரேடியோவினாலேயே தேசத்துக்கு ஊழியம் செய்த இவர்களை விட்டு நினைவுகூர முடியுமா?

ஆகையால் நாம் சொல்லும் மரியாதை, மெடல் பெற்றவர்களுக்கு மட்டும் உரியதல்ல. மெடல் பெற்றவர்களின் பெயர் கல்லில் இருக்கிறது. கல்லில் ஏறாத பெயர்களுக்குத்தான் ஆகாயம் வேண்டும்.

இதை எப்படி நடத்துவது? நமது யோசனை எளிது. ஒரு தொடர்பு, ஒரு பெயர். கொடி நாளாகிய டிசம்பர் 7ந் தேதியிலோ, 1971ஆம் வருஷத்து யுத்தம் முடிந்த டிசம்பர் 16ந் தேதியிலோ, டி.யு. 142 விமானத்துக்குள் அமெச்சூர் நிலையம் ஒன்று அமையட்டும். விமானத்தின் பழைய கருவிகளைத் தொட வேண்டாம். கைப்பெட்டி அளவுள்ள புதிய கருவியும், ஒரு மின்கலமும், வெளியே கட்டிய ஒரு கம்பியும் போதும். அந்நாளுக்கென்று சர்க்கார் ஒரு விசேஷ அழைப்புக் குறி கொடுக்கட்டும். அந்த நிலையத்தோடு தொடர்பு கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு வீரரின் பெயரும், அவர் ஊரும், அவர் செய்த வேலையும் சொல்லப்பட வேண்டும். ஜப்பானில் இருப்பவன் ஒரு பெயரைக் கேட்பான்; இத்தாலியில் இருப்பவன் வேறு பெயரைக் கேட்பான். பிறகு போகும் அட்டையில் அந்தப் பெயர் அச்சிடப்பட்டிருக்கும். அதே அட்டையின் ஒரு பிரதி, அந்த வீரருக்கோ அவர் குடும்பத்துக்கோ போக வேண்டும். "உமது பெயரை இன்ன தேசத்தில் இன்னார் கேட்டார்" என்று ஒரு கிழவருக்கு எழுதிக் கொடுப்பதற்கு எவ்வளவு செலவாகும்? ஒரு தபால் தலைச் செலவுதான்.

இதற்கு நமது பங்கு என்ன என்று கேட்டால், பெயர்களைச் சேகரிப்பதே முதல் பங்கு. 1971ல் இருபது வயதில் யுத்தத்துக்குப் போனவர்கள் எழுபதைத் தாண்டிவிட்டார்கள். 1962ல் போனவர்களும் 1965ல் போனவர்களும் அவர்களுக்கு மூத்தவர்கள். காலம் யாருக்காகவும் காத்திராது. மாவட்டத்து முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் ஜாபிதா இருக்கும். அதில் பெயரும் பென்ஷன் எண்ணும் இருக்கும், கதை இராது. கல்லூரி மாணவர்கள் கையில் நோட்டுப் புத்தகத்தோடு கிராமம் கிராமமாகப் போக வேண்டும். நமது புதுக்கோட்டையிலும், வாகைக்குளத்திலும், ஓட்டப்பிடாரத்திலும், எட்டயபுரத்திலும், கரையோரப் பரதவர் ஊர்களிலும், படையில் சமையல் செய்தவர், லாரி ஓட்டியவர், விமானத்துக்கு எண்ணெய் ஊற்றியவர், கப்பலில் தந்தி தட்டியவர் எத்தனை பேர் என்று விசாரித்து எழுத வேண்டும். தளபதிகளின் சரித்திரத்தை எழுதச் சரித்திராசிரியர்கள் இருக்கிறார்கள். இவர்களுடைய சரித்திரத்தை நாம் எழுதாவிட்டால் எழுதுவார் இல்லை.

இரண்டாவது பங்கு, பதில் சொல்லும் நிலையம். விசாகப்பட்டினத்து விமானம் அழைக்கும்போது, தூத்துக்குடியிலிருந்து ஒரு குரல் பதில் சொல்ல வேண்டும். முத்துக் குளித்த கரை இது. வக்கீல் வ. உ. சிதம்பரம் பிள்ளை 1906ல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்ட கரை இது. 'காலியா', 'லாவோ' என்ற கப்பல்களை அவர் இங்கே கொண்டு வந்து விட்டபோது, கடல் யாருடையது என்ற கேள்வியைக் கேட்டார். அதற்காக 1908ல் சிறை புகுந்தார். இன்று துறைமுகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. இந்தப் பிரதேசத்துக்கு ரேடியோவும் புதிதல்ல. திருநெல்வேலிப் பக்கத்தில் விஜயநாராயணத்தில் உள்ள கடற்படை நிலையம், நீருக்குள் மறைந்திருக்கும் நீர்மூழ்கிக் கப்பல்களுக்குக் கேட்கும்படி மிக நீண்ட அலைகளை அனுப்புகிறது. 1990ல் தொடங்கப்பட்ட அந்த நிலையத்துக்குக் கடற்படையார் இட்ட பெயர் 'கட்டபொம்மன்'. பாஞ்சாலங்குறிச்சியின் பெயர் கடலுக்குள்ளே ஒலிக்கும்போது, இந்தச் சீமையின் சாமானிய வீரர்களின் பெயர் ஆகாயத்தில் ஒலிக்கக் கூடாதா?

ஆட்சேபங்கள் கிளம்பும் என்பதை அறிவோம். முதலாவது, பந்தோபஸ்து. ரேடியோ என்றவுடன் உத்தியோகஸ்தர்களுக்கு ஒற்றர் ஞாபகம் வந்துவிடுகிறது. இது பிரிட்டிஷார் விட்டுச் சென்ற பயம். 1885ஆம் வருஷத்துத் தந்திச் சட்டமும், 1933ஆம் வருஷத்துக் கம்பியில்லாத் தந்திச் சட்டமும், அடிமைகளின் கையில் கருவி இருக்கலாகாது என்ற நோக்கத்தில் பிறந்தவை. அவற்றின் ஸ்தானத்தில் 2023ல் பார்லிமெண்டு புதிய தொலைத்தொடர்புச் சட்டம் இயற்றியது. சட்டம் புதிதானால் மனப்பான்மையும் புதிதாக வேண்டும். அமெச்சூர் பரீட்சையில் தேறியவன்; பெயரும் விலாசமும் சர்க்காரிடம் கொடுத்தவன்; சங்கேத பாஷையில் ரகசியம் பேச விதிகளால் தடுக்கப்பட்டவன்; எல்லோரும் கேட்கும்படி பேசுகிறவன். ஒற்றன் எவனும் இவ்வளவு பகிரங்கமாக நடந்துகொள்ள மாட்டான். பகை தேசத்தார் அறியக் கூடாத எதுவும் ஓய்வு பெற்ற விமானத்திலும் இல்லை, ஓய்வு பெற்ற சிப்பாயின் பெயரிலும் இல்லை. லைசென்ஸ் இல்லாத முதியவர் ஒருவர் அந்நாளில் இயக்குபவரின் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு வார்த்தை பேசுவதற்கு விதி குறுக்கே நிற்குமானால், ஒரு நாளுக்கு அதைத் தளர்த்திக் கொடுப்பது சர்க்காருக்குப் பெரிய காரியம் அல்ல.

இரண்டாவது, "இது விளையாட்டு, வீரர்களுக்குப் பென்ஷனும் மருந்தும் வேண்டும்" என்பார்கள். பென்ஷனும் மருந்தும் வேண்டியதே. அதற்கு நாம் குரல் கொடுப்பதை நிறுத்தப் போவதில்லை. ஆனால் மரியாதை வேறு, ஜீவனாம்சம் வேறு. ஜீவனாம்சம் கொடுத்துவிட்டு மரியாதையை மறப்பவன், தகப்பனுக்குச் சோறு போட்டுவிட்டு அவனோடு பேசாதிருக்கும் மகனுக்கு ஒப்பாவான். அன்றியும், பெயர் மறந்துபோன மனிதனின் பென்ஷனைக் குறைப்பது எந்தச் சர்க்காருக்கும் சுலபம். பெயர் தெரிந்த மனிதனிடம் அப்படிச் செய்வது கஷ்டம்.

விளையாட்டு என்பதற்கும் பதில் உண்டு. 2004ஆம் வருஷம் டிசம்பர் மாதம், ஸ்ரீமதி பாரதி பிரசாத் தலைமையில் அமெச்சூர்கள் சிலர் அந்தமானுக்குப் போய், போர்ட் பிளேரில் நிலையம் அமைத்து உலகத்தோடு 'விளையாடி'க் கொண்டிருந்தார்கள். டிசம்பர் 26ந் தேதி சுனாமி வந்தது. டெலிபோன்கள் செத்தன. அந்த விளையாட்டுக் கருவிகளே தீவுக்கும் தாய்நாட்டுக்கும் நடுவே செய்தி கொண்டுபோயின. நமது மாவட்டத்து அனுபவத்தை மறப்பது எப்படி? 2023ஆம் வருஷம் டிசம்பர் 17, 18 தேதிகளில், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. தாமிரபரணி கரை புரண்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ரயில், நூற்றுக்கணக்கான பிரயாணிகளோடு ஸ்ரீவைகுண்டத்தில் சிக்கி நின்றது. மின்சாரம் போயிற்று, கைப்பேசிகள் ஓய்ந்தன, பக்கத்துத் தெருவில் இருந்தவர் உயிரோடிருக்கிறாரா என்று தெரியாமல் ஜனங்கள் தவித்தார்கள். அப்பொழுது உதவிக்கு வந்தவர்களில் நமது முப்படை வீரர்களும் உண்டு. கோபுரமும் கம்பியும் வேண்டாத கருவியை இயக்கத் தெரிந்த வாலிபர் பத்துப் பேர் ஒவ்வொரு தாலுகாவிலும் இருந்தால் எவ்வளவு அனுகூலம்! வீரர்களை நினைவுகூரும் ஒரு நாள் விழா, அந்தப் பத்து வாலிபர்களைத் தயாரிக்கும் பள்ளிக்கூடமாகவும் ஆகும்.

ஆகவே நாம் கோருவன மூன்று. கடற்படையாரும் விசாகப்பட்டினத்து அதிகாரிகளும், வருஷத்தில் ஒரு நாள் அந்த விமானத்தின் கதவை அமெச்சூர்களுக்குத் திறந்துவிட வேண்டும். விமானப் படையார் டகோட்டாவுக்கும் அவ்விதமே செய்ய வேண்டும். மத்திய சர்க்காரின் கம்பியில்லாத் தந்தி இலாகா, விசேஷ அழைப்புக் குறியைத் தாமதமின்றி வழங்கி, லைசென்ஸ் கோரும் மாணவர்களைக் காக்க வைக்காமல் பரீட்சை நடத்த வேண்டும். மூன்றாவது கோரிக்கை சர்க்காரைக் குறித்ததல்ல, நம்மைக் குறித்தது. இந்தப் பத்திரிகையை வாசிக்கும் ஊழியர்கள் ஒவ்வொருவரும் தத்தம் ஊரிலுள்ள முன்னாள் சிப்பாய்களின் பெயரை, அவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வைக்க வேண்டும். சர்க்கார் அனுமதி தரும் வரை இதற்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நாளைக் காலையிலேயே தொடங்கலாம்.

கடல் தேசத்தாருடையது என்று அன்று தூத்துக்குடி சொல்லிற்று. அதைக் கேட்டு ஒரு சாம்ராஜ்யம் கலங்கிற்று. ஆகாயமும் தேசத்தாருடையதே என்று இன்று நாம் சொல்லுவோம். தேசத்துக்காக வாய் திறவாமல் உழைத்தவர்களின் பெயரை அந்த ஆகாயத்தில் நமது வாலிபர்கள் உரக்கச் சொல்லட்டும். வந்தே மாதரம்!